ஆயில் எஞ்சின் ஓடிய வாரம்

குற்றாலம்,
28-4-1957

அன்புள்ள மாப்பிள்ளை வல்லிநாயகத்துக்கு,

இங்கே நான் சுகம். மேலகரத்தில் நீங்களும் தங்கச்சி பிச்சம்மாளும் குழந்தை மங்களேஸ்வரியும் சுகமாயிருப்பீர்கள். பிச்சம்மாளின் ஈளை இழுப்பு இந்தக் கோடையிலாவது அடங்கியிருக்கும் என்று எண்ணுகிறேன்.

உங்களிடம் ஒரு உதவி கேட்க நாலு நாளாக யோசித்து இன்றுதான் எழுதத் துணிந்தேன். ஐம்பத்திரண்டில் ஒரு நாள் அடுக்களைப் பாத்திரமெல்லாம் தானே ஆடி ஓய்ந்ததே, நினைவிருக்கும். அதற்கு முந்தி மூன்று நாள் என் ரேடியோவில் ஒரு கரகரப்பு கேட்டுக்கொண்டேயிருந்தது. பிறகு சட்டென்று நின்றது. அரை நாள் முழு அமைதி. அதன் பின்தான் தரை ஆடியது. பூமிக்குள் பாறை நெரிபடும்போது மின்சாரம் பிறக்கலாம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை. முப்பது வருஷம் கல்லூரியில் பௌதிகம் நடத்தியவன் இதையாவது அறிவேன். ஆனாலும் இரண்டாம் தடவை வந்தால் அதைத் தவறவிட்டுவிடக் கூடாது என்று ஒரு பயம்.

அதனால் தினமும் காலை ஏழு, பத்து, மாலை மூன்றரை, ஆறு என்று நாலு வேளை கேட்டு நோட்டில் குறிக்கிறேன். மின்னல் வேறு மாதிரி வெடிக்கும். பஸ் போனால் தெரியும், அதற்கு டைம் டேபிள் வைத்திருக்கிறேன். பஜார் டாக்டரின் மின்சார வைத்திய மெஷினுக்கும் அவரிடம் நேரம் கேட்டு வாங்கிவிட்டேன். மனிதன் செய்கிற இரைச்சலையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது வானத்துடையது, அல்லது பூமியுடையது.

உங்கள் மரமில்லுக்கு ஒரு பழைய மின்சார மோட்டார் வாங்கியிருப்பதாகப் பிச்சம்மாள் சொன்னாள். ஆயில் எஞ்சினால் எனக்குத் தொந்தரவு இல்லை. மோட்டார் ஓடினால் அதன் இரைச்சல் கம்பி வழியே வரும். உங்கள் மில்லுக்கு வருகிற கம்பிதான் எங்கள் தெருவுக்கும் வருகிறது. வாரத்துக்கு ஒரு தரம், எது எந்த நேரம் ஓடியது என்று எழுதிப் போடுவீர்களா? கவர் வேண்டாம். கார்டே போதும்.

தங்கள் அன்புள்ள,
கைலாசம்


(தபால் கார்டு)
மேலகரம்,
20-6-57, வியாழன் காலை

அத்தானுக்கு,

திங்கள் முதல் இன்று வரை ஆயில் எஞ்சின். காலை 8 முதல் மாலை 6. மோட்டார் சாக்கைப் போர்த்திக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி மூலையில் உட்கார்ந்திருக்கு. மின்சார இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் அதைத் தொடலாம். ஆகஸ்ட் ஆகும் போல.

மில்லுக்குத் தடிமரம் பார்க்க இன்று மதியம் புளியறை போறேன். திங்கட்கிழமைதான் திரும்புவேன். அதுவரைக்கும் உங்க பூமியைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க.

வல்லிநாயகம்


மேலகரம்,
22-6-57

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் வந்ததும் பார்ப்பதற்காக இதை உங்கள் மேஜையில் வைக்கிறேன். கோபிக்க வேண்டாம். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரேடியோவில் கரகரப்பு ஆரம்பித்தது. ஐம்பத்திரண்டில் கேட்ட அதே ஜாதி. செவ்வாய், புதன், காலை ஏழு நீங்கலாக மற்ற மூன்று வேளையும் கேட்டது. வியாழன் காலை பத்துக்கு இருந்தது, மூன்றரைக்கு இல்லை. முழு அமைதி. வெள்ளி காலையும் அமைதி. பத்தரைக்கு உங்கள் கார்டு வந்தது. மோட்டார் ஓடவில்லை என்று தெரிந்தது. கழிப்பதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லை.

உடனே பஸ் ஏறி இங்கே வந்தேன். பிச்சம்மாளிடமும் கேட்டேன். ஆயில் எஞ்சின்தான் ஓடியது என்றாள். உங்கள் வீட்டுச் சுவர் இருபதடிக் கருங்கல். மேலே மாடி. அது சரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை. ஆகையால் பிச்சம்மாளையும் குழந்தையையும் மில் முற்றத்து ஓலைக் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறேன். திங்கள் வரை அங்கேயே இருக்கட்டும். சாரல் அடிக்கிறது, கோணிப் படுதா கட்டியிருக்கிறேன். கம்பளி கொடுத்திருக்கிறேன்.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. தப்பாகப் போனால் சிரிப்பார்கள். தங்கச்சி சிரிக்க மாட்டாள் என்று அவளிடம் மட்டும் சொன்னேன்.

கைலாசம்


மேலகரம்,
10-7-57

கைலாசம் அவர்களுக்கு,

இனிமேல் உம்மை அத்தான் என்று எழுத மாட்டேன். அந்த முறைக்கு நடுவில் ஒருத்தி இருந்தாள். அவளைத்தான் நீர் கொண்டுபோய் ஓலைக் கொட்டகையில் போட்டீர். ஈளைக்காரியை, ஆனிச் சாரலில், மூணு ராத்திரி.

நான் வந்து பார்க்கும்போது படுதா நனைஞ்சு தொங்குது, கம்பளியைப் பிழிஞ்சா தண்ணி சொட்டுது. நெஞ்சில கை வச்சா கொதிக்கு. ஆறு நாள் டாக்டர் வந்தார். முப்பதாம் தேதி போயிட்டா. வீடு நிக்குது வாத்தியாரே. ஒரு ஓடு நகரலை. இருபதடிக் கருங்கல்னு அளந்து எழுதி வச்சீரே, அந்தச் சுவர்ல சாஞ்சுக்கிட்டுத்தான் இதை எழுதுதேன்.

மங்களம் அழுதுக்கிட்டே சொன்னா, நான் வேண்டாம்மான்னேன், கேக்கலைன்னு. அவ அம்மா சொன்னாளாம், "அண்ணன் ரோசிக்காம ஒண்ணும் சொல்ல மாட்டாவட்டி. பாயை எடு."

அது போகட்டும். கொள்ளி வச்சுட்டுத் திரும்புதேன். ஊரே வாயைப் பொத்திக்கிட்டு நிக்கி. நீர் பக்கத்தில வந்து காதோட காதாக் கேட்டீர், "அந்த வாரம் ஆயில் எஞ்சின்தானே மாப்பிள்ளை?" உம்ம தங்கச்சி அங்க வேகுதா, உமக்கு எஞ்சின் கவலை. ஆமாம்னேன். இப்பவும் எழுதுதேன், ஆமாம். உம்ம நோட்டுல குறிச்சுக்கிடும்.

பதினாறாம் நாளுக்கு வர வேண்டாம். மங்களத்துக்குத் தாய்மாமன் கிடையாதுன்னு நான் முடிவு பண்ணியாச்சு. மேலகரத்தில் கால் வச்சால் மரியாதை கெட்டுப்போகும்.

வல்லிநாயகம்


குற்றாலம்,
29-6-1958

மாப்பிள்ளைக்கு,

வேறு எப்படி அழைப்பதென்று தெரியாததால் இப்படி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வருஷமாக நான் ரேடியோவைத் திறக்கவில்லை. பிச்சம்மாளின் திதி இந்த வருஷம் 20ஆம் தேதியே வந்தது. அவளுக்குத் திதி கொடுக்க எனக்கு உரிமையில்லை. சாப்பிடாமலிருக்க உரிமை உண்டு. வீட்டில் சும்மா உட்கார முடியாமல் பன்னிரண்டு மணிக்கு அதைத் திறந்தேன். ஹெட்போனைக் காதில் மாட்டியவுடன் அதே கரகரப்பு. போன ஜூனில் நாலு நாள் கேட்டதே, அது.

கழற்றிவிட நினைத்தும் கை வரவில்லை. ஒரு மணிக்கு அது நின்றது. பாட்டரி போய்விட்டதென்று எண்ணினேன். பாட்டரி சரியாக இருந்தது. ரேடியோவின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு மறுபடி ஆரம்பித்தது.

அதற்கு அடுத்த எட்டு நாளும் விடியற்காலை முதல் விளக்கு வைக்கும் வரை கேட்டேன். தினமும் எட்டுக்குத் தொடங்குகிறது, ஒன்றுக்கு நிற்கிறது, இரண்டுக்குத் தொடங்குகிறது, ஆறுக்கு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லவே இல்லை. பூமிக்கு மதியச் சாப்பாடு கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. இது உங்கள் மோட்டார்.

இப்போது அது ஓடுவது நியாயம். அனுமதி வாங்கியாகிவிட்டது என்று கேள்வி. நான் கேட்பது ஒன்றே ஒன்று. போன வருஷம் ஜூன் 17 முதல் 20 வரை அது ஓடியதா? பிச்சம்மாள் இல்லை என்றாள். நீங்களும் கார்டில் இல்லை என்று எழுதினீர்கள், நேரிலும் சொன்னீர்கள். ஆகவே இல்லை என்றுதான் இருக்கும். மறுபடி கேட்பது என் சுபாவத்தின் கோளாறு. ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

கைலாசம்


மேலகரம்,
5-7-58

கைலாசம் அவர்களுக்கு,

திதிக்கு நான் பாபநாசம் போயிருந்தேன். மில்லை என் வேலையாள் மசூது ஓட்டினான். மோட்டார் ஓடுதது ஊருக்கே தெரியும், அதைக் கண்டுபிடிக்க உமக்கு ஒரு நாள் பட்டினி, எட்டு நாள் காவல். போன ஆகஸ்ட்ல இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். அதுக்கு முந்தி ஓடலை. ஒரு தரம் எழுதியாச்சு, ஒரு தரம் சுடுகாட்டில் சொல்லியாச்சு. இன்னும் எத்தனை தரம் என் வாயைக் கிண்டுவீர்?

நேத்து மசூது சொன்னான், மில்லுக்கு எதிர்த்த புளியமரத்தடியில் நீர் கடிகாரத்தைக் கையில வச்சுக்கிட்டு நின்னீராம். என்ன சார்னு கேட்டதுக்கு பஸ்ஸுக்கு நிக்கேன்னீராம். மூணு பஸ் போயிருக்கு. அவனும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தான். உம்மகிட்ட இருந்து கத்துக்கிட்ட புத்தி.

உமக்கு வேண்டியது என்னன்னு எனக்குத் தெரியும். பழியைத் தலையில தூக்கிக்கிட்டு இறக்கி வைக்க ஒரு வாசல் தேடுதீர். என் வாசல்ல இறக்காதீர்.

உம்ம ரேடியோ லைசென்ஸை ரத்துப் பண்ணணும்னு போஸ்டாபீசில் மனு எழுதிக் கொடுத்திருக்கேன். புரளி கிளப்புற ஆள்னு.

வல்லிநாயகம்


குற்றாலம்,
14-7-1958

மாப்பிள்ளைக்கு,

மனு விஷயமாக போஸ்ட்மாஸ்டர் என்னை விசாரித்தார். நீங்கள் எழுதியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அனுப்பிவிட்டார்.

பஸ்ஸுக்கு நின்றேன் என்று மசூதிடம் பொய் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது. நான் நின்ற காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷத்து நோட்டில் 17-6-57 காலை பத்து மணிக் குறிப்பு இது: "கரகரப்பு நாலு நிமிஷம் ஏறுகிறது. ஒரு நிமிஷம் தணிகிறது. மறுபடி நாலு நிமிஷம்." அன்றைக்கு இதைப் பூமியின் மூச்சு என்று கருதினேன். புளியமரத்தடியில் நின்று பார்த்தேன். ரம்பம் ஒரு தடியை அறுத்து முடிக்க நாலு நிமிஷம். தடியைத் திருப்பி வைக்க ஒரு நிமிஷம்.

வியாழன் மதியம் நின்றதையும் யோசித்தேன். நீங்கள் புளியறைக்கு பஸ் ஏறிய நேரம் அது.

இத்தனையும் ஒரு பக்கம் இருக்கிறது. மறுபக்கம் பிச்சம்மாள் சொன்ன ஒரு சொல் இருக்கிறது. என் நோட்டைவிட அவள் சொல்லை நான் நம்புகிறேன். அவள் என்னிடம் பொய் சொன்னதே இல்லை. அப்படியானால் நோட்டில்தான் தப்பு. அது எங்கே என்று தேடுகிறேன், அகப்படவில்லை.

உங்களை நச்சரிக்கும் காரணத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் ஓடவில்லை என்பது உறுதியானால் அந்த நாலு நாளும் பேசியது பூமி. அன்று ஆடாமல் விட்டிருந்தாலும் பேசியது மெய். அப்படியென்றால் இதைச் சென்னையில் பூகம்பத்தைக் கவனிக்கிற சர்க்கார் ஆபீசுக்கு எழுதி அனுப்ப நான் கடமைப்பட்டவன். அடுத்த தடவை அந்தச் சத்தம் வந்து நின்றால் ஊரையே வீட்டைவிட்டு வெளியே வரச் சொல்ல வேண்டியிருக்கும். வெளியே வருகிறவர்களில் ஈளைக்காரர்களும் இருப்பார்கள். கைக்குழந்தைகள் இருக்கும். நான் சொன்னதை நம்பி இன்னொருத்தி பாயை எடுப்பாள்.

கடிதம் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் வரை தபாலில் சேர்க்க மாட்டேன்.

கைலாசம்


மேலகரம்,
2-8-58

கைலாசம் அவர்களுக்கு,

கவர்ல எழுதுதேன். படிச்சுட்டு என்னமும் பண்ணும்.

ஓடுச்சு. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் பன்னிரண்டு வரைக்கும். ஆயில் எஞ்சின் பிஸ்டன் போயிருந்தது. முற்றத்தில் தடி நனைஞ்சு பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சுட்டுது. கதவைச் சாத்திக்கிட்டு மோட்டாரை ஓட்டினோம். புளியறைக்குக் கிளம்பும்போது, நான் இல்லாத நேரம் இன்ஸ்பெக்டர் வந்து நின்னா யார் பதில் சொல்லன்னு மசூதை நிறுத்தச் சொல்லிட்டுப் போனேன்.

உமக்கு ஏன் எழுதலைன்னு கேப்பீர். நீர்தான் கார்டு போதும்னீர். மேலகரம் போஸ்டாபீசில் என் கார்டு முதல்ல போஸ்ட்மாஸ்டருக்கு, அப்புறம் தபால்காரருக்கு, அதுக்கப்புறம்தான் உமக்கு. அந்த இன்ஸ்பெக்டர் குடியிருந்தது போஸ்ட்மாஸ்டர் வீட்டு மாடி. அந்தக் கார்டில் மோட்டார் ஓடுதுன்னு எவன் எழுதுவான்? கவர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உள்ளதை எழுதியிருப்பேன். உம்ம பூமிக் கணக்கு இவ்வளவு தூரம் வரும்னு நான் கண்டேனா?

யார் கேட்டாலும் ஆயில் எஞ்சின்னு சொல்லுன்னு அவகிட்டயும் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன். உன் அண்ணனைத் தவிரன்னு சொல்ல எனக்குத் தோணலை. அவளுக்கும் தோணலை. நான் சொன்னதுக்காக உம்மகிட்ட பொய் சொன்னா. நீர் சொன்னதுக்காக மழையில போய்ப் படுத்தா.

போறதுக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டா. மூச்சு விட்டு விட்டுச் சொன்னா, "அண்ணன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அவுக கணக்குக்கு அது வேணும் போல. நீங்க சொல்லிருங்க." சரின்னேன். சுடுகாட்டில் நீராவே வந்து கேட்டீர். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆமாம்னுதான் வந்தது. அதுக்கப்புறம் உம்மை எவ்வளவு ஏச முடியுமோ அவ்வளவு ஏசினேன். ஏசினா நீர் மறுபடி கேக்க மாட்டீர்னு நினைச்சேன். நீர் கேக்கிற ஜாதி.

இதை எழுதினதால உம்மை மன்னிச்சேன்னு நினைக்காதீர். பாயை எடுக்கச் சொன்னது நீர். படுதா கட்டினது நீர். ஈளைக்காரிக்குச் சாரல் ஆகாதுன்னு தெரிய பௌதிகம் படிக்க வேண்டாம்.

சென்னைக்கு அந்தக் கடிதத்தைப் போடாதீர்.

வல்லிநாயகம்


குற்றாலம்,
6-8-1958

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. சென்னைக்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் சொன்னதில் ஒன்றையும் மறுக்க மாட்டேன். நீங்கள் சொல்லாத இரண்டை நான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை நான் உள்ளே போனபோது பிச்சம்மாள் அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆயில் எஞ்சின்தானே என்று கேட்டதும் அவள் கை நின்றது. பிறகு, "ஆமாண்ணா" என்று சொல்லி மறுபடி நறுக்கினாள். ரேடியோ சத்தத்தை நிமிஷம் நிமிஷமாகக் குறித்தவன், எதிரே உட்கார்ந்திருந்தவளின் கை நின்றதைக் குறிக்கவில்லை. இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மற்றது மதியம் ஒரு மணி. என் நாலு வேளையில் ஏன் ஒரு மணி இல்லை என்று ஒரு மாதமாக என்னையே கேட்கிறேன். விஞ்ஞானக் காரணம் ஒன்றுமில்லை. ஒரு மணிக்கு நான் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். முப்பது வருஷப் பழக்கம். அந்த நாலு நாளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், சோற்றைத் தள்ளி வைத்துக் கேட்டிருந்தால், சத்தம் சாப்பாட்டுக்கு நிற்பது தெரிந்திருக்கும். உங்கள் கார்டு என்ன சொன்னாலும் அது மனிதனின் சத்தம் என்று அறிந்திருப்பேன். பஸ் ஏறியிருக்க மாட்டேன். இதை உங்கள் பொய்யின் மேல் ஏற்ற எனக்கு வழியில்லை.

உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன். யார் கண்ணிலாவது பட்டால் மில்லுக்குக் கெடுதல். மங்களத்துக்கும் அது தெரிய வேண்டியதில்லை. பழி இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது. 20-6-57 கார்டு மட்டும் நோட்டில் ஒட்டியபடி இருக்கிறது. பிய்த்தால் பக்கம் கிழியும். அந்த நாலு நாளுக்கு எதிரே "காரணம் விளங்கவில்லை" என்று எழுதி நோட்டை மூடிவிட்டேன். அது பொய்க் குறிப்பு. நான் தெரிந்து எழுதிய முதல் பொய்க் குறிப்பு.

இனி உங்களுக்கு எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

கைலாசம்


(தபால் கார்டு)
மேலகரம்,
9-8-58, சனி

17-6-57 திங்கள்: மின்சார மோட்டார். 8 முதல் 1. 2 முதல் 6.
18 செவ்வாய்: அதே.
19 புதன்: அதே.
20 வியாழன்: 8 முதல் 12. பிறகு நிறுத்தியது.
ஆயில் எஞ்சின் அந்த வாரம் ஓடவே இல்லை. முந்தைய கார்டு பொய். அதன் மேலேயே இதை ஒட்டவும்.

கார்டுன்னு தெரிஞ்சுதான் எழுதுதேன். போஸ்ட்மாஸ்டர் படிச்சுட்டுத்தான் முத்திரை குத்துவார். குத்தட்டும். மங்களம் படிச்சாச்சு.

இந்த வாரம்: திங்கள் முதல் வெள்ளி வரை மோட்டார், 8 முதல் 6. இன்று சனி, 4 மணி வரை.

நீர் இங்க வர வேண்டாம். உம்ம முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் ஆகலை. சனிக்கிழமை சனிக்கிழமை கார்டு வரும்.

ஒண்ணு முதல் ரெண்டு வரை மில் நிற்கும். அந்நேரம் கேளும்.

வல்லிநாயகம்